பெட்டி வாரிசு

தாத்தாவின் வயலின் இருக்கிற வீட்டில் வயலின் வாசிக்கிறவர் யாரும் இருக்க மாட்டார். அதைக் காப்பாற்றுகிறவர் ஒருவர் இருப்பார். மயிலாப்பூர், ஸ்ரீரங்கம், கும்பகோணம் என்று எங்கே தேடினாலும் தெருவுக்கு ஒருவராவது அகப்படுவார். பணி ஓய்வு பெற்றவர். "காது நமக்கு நல்ல காது, கைதான் வரலை" என்பார். வந்தவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் பரணிலிருந்து பெட்டி இறங்கிவிடும்.

கறுப்பு மரப்பெட்டி. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். வெள்ளைக்காரர்கள் இந்த வடிவத்தைச் சவப்பெட்டி என்றே சொல்கிறார்கள். மூடியைத் திறந்ததும், அந்தப் பெயருக்கு வடிவம் மட்டும்தான் காரணமா என்று நமக்குச் சந்தேகம் வரும். நாம் மூக்கைச் சுருக்குவதை அவர் பிரமிப்பு என்று எடுத்துக்கொள்வார். "ஸ்ட்ராடிவாரி!" என்று வயலினை வெளிச்சத்துக்குச் சாய்த்து, துளை வழியே உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டுவார். சீட்டில் அந்தப் பெயர் இருப்பது உண்மைதான். இத்தாலியின் கிரெமோனா நகரில் 1737-ல் காலமான அந்த மேதையின் பெயரை, 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சாக்சனிப் பட்டறைகள் கணக்கில்லாமல் அச்சடித்து மலிவு வயலின்களுக்குள் ஒட்டி அனுப்பின. சீட்டின் அடியிலேயே 'மேட் இன் ஜெர்மனி' என்று இருக்கும். கேட்டால், "கடைசிக் காலத்துல அங்கே கொஞ்ச நாள் இருந்திருக்கார்" என்பார்.

வில்லில் குதிரைமுடி பாதிதான் மிச்சம் இருக்கும். மூடிய பெட்டியின் இருட்டில் பூச்சிப் புழுக்கள் தின்றது போக மீந்தது அது. "தாத்தா அவ்வளவு வாசிச்சிருக்கார்!"

நாற்றம் அவருக்குத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. அதைப் போக்குவதுதான் ஓய்வுக்காலத்தில் அவர் சங்கீதத்துக்குச் செய்யும் சேவை. முதலில் அந்துருண்டை போட்டார். அதன் ஆவி வார்னிஷுக்கு ஆகாது என்று யாரோ சொன்னதும் கற்பூரம். கற்பூரத்தை வீட்டம்மா வெள்ளிக்கிழமை எடுத்து ஏற்றிவிட்டதால் காபிப்பொடி. பிறகு வசம்பு, ஓலைச்சுவடியைக் காத்தது வயலினைக் காக்காதா? கடைசியாக, குளியலறையில் தொங்கவிடுகிற வாசனைக் கட்டி. இதில் எதுவும் நாற்றத்தைப் போக்குகிற சரக்கல்ல. மேலே இன்னொரு வாசனையைப் போர்த்துகிற சரக்கு. அவர் எதையும் வெளியே எடுப்பதும் இல்லை. இப்போது பெட்டியைத் திறந்தால் கல்யாண மண்டபமும் பூட்டிக்கிடந்த நூலகமும் கைகோத்துக்கொண்டு வருவது போல இருக்கும்.

நோய்க்கு மூலமே வைத்தியர்தான் என்பதை அவரிடம் யார் சொல்வது? விருந்தாளி வராத நாளெல்லாம் பரணில் கிடக்கும் பெட்டி, சரஸ்வதி பூஜைக்கும் கீழே வரும். ஐப்பசி மழைக்கு முன்னோடியாகக் காற்றில் ஈரம் ஏறுகிற பருவம். அந்த நேரத்தில் ஈரச் சந்தனத்தைக் குழைத்து உள்ளே பச்சை ஃபெல்ட் துணியில் ஐந்து இடத்தில் வைப்பார். சாமந்திப்பூ வைப்பார். சாம்பிராணிப் புகையை உள்ளே விட்டு, அது வெளியேறிவிடாமல் மூடுவார். வில்லில் தேய்க்கிற ரோசினை வைக்கும் சின்ன அறையில் பொரிகடலை. பிரசாதத்தைத் தூக்கி எறிவது பாவம் என்பதால் அது அங்கேயே இருக்கும், பூச்சிகளுக்கு அன்னதானமாக. மறுநாள் விஜயதசமி, வாசிக்கத் தொடங்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அன்று பெட்டி பரணுக்குத் திரும்பும்.

"ஏங்க, அதுக்குள்ள எலி ஏதாவது செத்துக் கிடக்குதான்னு பாருங்களேன்" என்று வீட்டம்மா கெஞ்சியபிறகு ஒருநாள் வாத்தியம் ரிப்பேர் செய்கிறவரிடம் யோசனை கேட்டார். அவர் சுருக்கமாகச் சொன்னார்: குப்பையெல்லாம் எடுத்துவிட்டு, பெட்டியை இரண்டு நாள் வெயிலில் திறந்து வையுங்கள்; ராத்திரி ஆப்ப சோடாவைத் துணிமேல் தூவி, காலையில் உறிஞ்சியெடுங்கள். நம்மவர் பெட்டியை மொட்டை மாடியில் வைத்தார், வயலினோடு. தாத்தா சொத்தைத் தனியாகப் பிரித்து வைக்க மனம் வரவில்லை. வயலினின் பலகைகளைப் பிடித்துக்கொண்டிருப்பது வச்சிரப் பசை. சூட்டில் அது இளகும். சாயங்காலம் பார்த்தால் ஸ்ட்ராடிவாரி விலாப்பக்கம் வாயைத் திறந்திருந்தது.

"தொட்டிலைக் காய வைக்கச் சொன்னா பிள்ளையையும் சேர்த்தா சார் காய வைப்பாங்க?" என்றார் ரிப்பேர்காரர். வயலினை ஒட்டிக் கொடுத்தார். ஃபெல்ட்டையும் அதன் அடியில் ஒட்டியிருந்த பழைய வச்சிரத்தையும் பூஞ்சை முழுசாகப் பிடித்திருந்தது. ஆப்ப சோடாவுக்கு மிஞ்சிய நிலைமை. இரண்டையும் சுரண்டி எடுத்து, மரத்தை நன்றாகக் காயவிட்டு, புதுத் துணி ஒட்டினார்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. திறந்தார். முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"தாத்தா வாசனையே இல்லையே!"

அன்றைக்கே பஸ் பிடித்துப் போய், ரிப்பேர்காரரின் குப்பைக்கூடையிலிருந்து அந்தப் பழைய ஃபெல்ட்டைத் திரும்ப வாங்கிவந்தார். இப்போது அது ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருக்கிறது. வீட்டம்மா போட்ட நிபந்தனைப்படி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம். விருந்தாளிகளுக்கு ஸ்ட்ராடிவாரியைக் கூடத்திலேயே காட்டிவிடுவார். தாத்தாவைப் பார்க்க மட்டும் மாடி ஏற வேண்டும்.