கொண்டை ஊசி வளைவில் ஒரு வக்காலத்து

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். வயிறு புரட்டுகிறவர்கள் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணி ஆறுதல் அடையட்டும் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பலகைகளின் முழு அருமை, பக்கத்து இருக்கையில் ஒரு தீவிர இளையராஜா ரசிகர் வாய்த்த பயணிக்குத்தான் விளங்கும். முதல் வளைவில் பேருந்தின் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு தொடங்கும். இரண்டாவதில், ‘இந்த இடத்துல பாஸ் கிதாரை மட்டும் கேளுங்க’ என்பார். ஐந்தாவதில் அதை வாசித்தவர் பெயர். எட்டாவதில் ராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வெளிவந்த 1976. பதினோராவதில் அவருக்கு இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர். பதினைந்தாவதில், ‘இதையெல்லாம் இப்ப யாரு சார் கவனிக்கிறாங்க?’ என்றொரு பெருமூச்சு. சமவெளியாக இருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தப்பலாம். மலையில் இறங்கினால் குரங்குகள்தான் துணை.

இவரைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. இவருக்கு மாதா மாதம் அரசு ஏதாவது உதவித்தொகை கொடுத்தால் தகும் என்பது என் கட்சி. பாட்டைக் கேட்டு, ரசித்து, டிக்கெட்டும் வாங்கிவிட்டு மறந்துபோகிறவன் மிதமான ரசிகன். கலைஞர்களின் அடுப்பு எரிவது அவனால்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு பிறந்த கதை, அதில் யார் எதை வாசித்தார், எந்தப் படத்துக்குப் போட்ட மெட்டு எந்தப் படத்துக்கு இடம் மாறியது என்கிற விவரமெல்லாம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வது, ஊர் சிரிக்கிற வெறியனால். மேல்நாட்டில் இந்த வெறிக்கு ராக் இசைக்குழுக்கள் இருந்தன. நமக்குச் சொல்லிக்கொள்ளும்படி ராக் குழு அமையவில்லை. பதிலாகப் பிரசாத் ஸ்டுடியோவில் இளையராஜாவுக்கு ஒரு கூடம் இருந்தது. அங்கே பல்லாண்டுகள் ஏறக்குறைய ஒரே கூட்டம் சேர்ந்து வாசித்தது: கிதாருக்குச் சதானந்தம், பாஸ் கிதாருக்குச் சசிதரன், டிரம்ஸுக்குப் புருஷோத்தமன், கீபோர்டுக்கு விஜி மேனுவல், புல்லாங்குழலுக்கு அருண்மொழி என்று நாம் அறிந்த நெப்போலியன். இசைத்தட்டு உறையிலும் கேசட் அட்டையிலும் பெரும்பாலும் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்களோடு கதை முடிந்துவிடும். மற்றவர்களின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், யாரோ சில பைத்தியங்கள் தேடி, கேட்டு, எழுதிவைத்ததால்தான்.

மிதமானவர்களிடம் ஒரு கலையை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மலை ஏறுவதற்கு முன்பே சாட்சி நிற்கிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டுடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் அதன் தயாரிப்பாகத்தான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்துதான் வந்தது. இன்று அந்த வளைவு இருக்கிறது. வளைவுக்குப் பின்னால் இருந்த ஸ்டுடியோ இல்லை. ஊருக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை. வருத்தப்படுவதும் போகிற வழியில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்வதும் மிதமானவர்களால் ஆகிற காரியம். இதைவிட மோசமான கணக்கும் உண்டு. தமிழின் முதல் பேசும் படமான 1931இன் ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. லட்சம் பேர் பார்த்தாலும், பெட்டியைப் பூட்டி வைத்து யாரையும் தொடவிடாமல் சண்டை போட ஓர் அற்பப் பிறவியாவது வேண்டியிருக்கிறது. அப்படியொருவர் அன்று கிடைக்கவில்லை.

கிடைத்த இடங்களில் நிலைமை வேறு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று பிறர் எடைக்குப் போட்டதையெல்லாம் வாங்கி வீட்டை நிறைத்தார். அந்த வீட்டில் இருந்தவர்கள் நடக்க இடமின்றி என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலை கொடுத்து வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே இயங்கும் ஆராய்ச்சி நூலகம் அப்படிப் பிறந்தது. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் தகவல் திரட்டி வைத்தார். கடைசியில் அரசே அவருடைய சேகரிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பல்லாயிரம் இசைத்தட்டுகளைத் திரட்டிய வி.ஏ.கே. ரங்காராவ் வேறொரு தனி அத்தியாயம். இவர்களில் ஒருவரையும் ‘அளவோடு ரசிப்பவர்’ என்று அவர்களுடைய எதிரிகூடச் சொல்ல மாட்டார்.

இனி மலைக்கு மேலே போகலாம். சேர்வராயன் மலைக்கும் இசை வெறிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்குப் போய் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடத்தைப் பார்க்கலாம். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தவர் அவர். ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. அதற்குப் பிறகு மனிதர் நிமிரவே இல்லை. தென்னிந்தியா முழுக்கக் கல் பொறுக்கினார், ஓய்வு பெற்று ஏற்காட்டில் வீடு பார்த்துக்கொண்டு அங்கேயும் பொறுக்கினார். இந்த மலையின் மலையாளிப் பழங்குடியினர் கற்காலக் கோடரிகளைக் கோயில்களில் வைத்திருந்ததையும் கவனித்து எழுதிவைத்தார். ஆயிரக்கணக்கான கற்கள் சேர்ந்து, கடைசியில் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. இதில் நான் பார்க்கச் சொல்வது கற்களை அல்ல, கூடவே போன குறிப்புகளை. எந்தக் கல் எந்த ஊரில், எந்த ஓடைக்கரையில் கிடைத்தது என்ற விவரம் மட்டும் இல்லையென்றால் அந்தச் சேகரிப்பு இரண்டு லாரி ஜல்லி. ‘இரண்டாவது இடையிசையில் வயலின் நுழைகிற இடம்’ என்று நொடிக்கணக்கோடு எழுதிவைக்கும் ரசிகன் செய்வதும் இதே வேலைதான். அதே ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தோட்டத்தில் ஆர்க்கிட் செடிகளைத் தொட்டி தொட்டியாக வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் போய், ‘ஒரு பூவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்று கேட்பதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தால் அதற்கு அறிவியல் என்று பெயர்.

ராக் இசையின் ஊரிலும் வழக்கு இதேதான். அமெரிக்காவின் ‘கிரேட்ஃபுல் டெட்’ குழு தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்ய அனுமதித்தது. அவர்கள் நாடாக்களைப் பண்டமாற்று செய்துகொண்டார்கள். ஹவாயில் மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் அந்த நாடாக்களிலேயே கிடந்த டிக் லாட்வாலா என்ற ரசிகரைத்தான் குழு 1985இல் தன் ஒலிப்பதிவுக் கிடங்குக்கே காப்பாளராக அமர்த்திக்கொண்டது. 1993 முதல் அவர் தேர்ந்தெடுத்த பழைய கச்சேரிகள் அவர் பெயர் தாங்கிய வரிசையாகவே விற்பனைக்கு வந்தன. பீட்டில்ஸ் பைத்தியமான மார்க் லூயிசன் இன்னும் ஒரு படி மேலே. அந்தக் குழுவின் வரலாற்றை மூன்று பாகங்களாக எழுதத் திட்டமிட்டு, 2013இல் முதல் பாகத்தை வெளியிட்டார். தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல். கதை 1962 கடைசியில் நின்றுவிடுகிறது. அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்தது 1963இல்! நம் ஊரில் ஒருவர் இளையராஜா சரித்திரம் என்று தலையணை கனத்தில் புத்தகம் எழுதி ‘அன்னக்கிளி’ ஒலிப்பதிவுக்கு முதல் நாள் முடித்தால் எப்படியோ அப்படி. சிரிக்கலாம்தான். ஆனால் பீட்டில்ஸ் பற்றி இனி எழுதுகிற எவரும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

இதற்கு மறுப்பு சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெறியன் சாட்சி சொல்லத் தகுதியற்றவன், கணக்கைத் தன் பக்கம் சாய்த்துவிடுவான் என்பது அவர்களுடைய முதல் வாதம். ஆதாரமும் வலுவாகவே வைத்திருக்கிறார்கள். 2002இல் பிபிசி உலக சேவை, உலகின் தலைசிறந்த 10 பாடல்களை நேயர் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தது. ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காவது. ஈழத்துத் திருமலை சந்திரனின் ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ ஐந்தாவது. ரஹ்மானின் ‘சய்ய சய்யா’ ஒன்பதாவது. ராக் உலகமே எழுந்து நின்று வணங்கும் குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாவது. முதலிடம் ஓர் அயர்லாந்து தேசபக்திப் பாட்டுக்கு. இந்தப் பட்டியல் உலகின் சிறந்த பாடல்களைக் காட்டுவதாக நான் வாதாடப் போவதில்லை. எந்த ஊர் விரல்களுக்கு ஓய்வு கிடையாது என்பதைக் காட்டுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெறியன் பொய் சொல்வது தீர்ப்பில்தான், தகவலில் அல்ல. ‘உலகத்திலேயே சிறந்த பாட்டு’ என்று அவர் சொன்னால் அரைக்கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ‘இந்தப் பாட்டில் வாசித்தது இவர்’ என்று சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். அதில் தவறு விட்டால் மற்ற வெறியர்கள் அவரை உயிரோடு விடமாட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இவ்வளவு கறாரான சரிபார்ப்பு நடப்பதில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, அவர்கள் சகிக்க முடியாதவர்கள் என்பது. அதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். எம்.எஸ்.வி. கட்சி, ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி என்று பிரிந்து நிற்கும் போரில் சமாதானம் பேசப் போனவர்கள் நல்லபடியாகத் திரும்பியதில்லை. ஆனால் அவர்கள் படும் பாட்டையும் பாருங்கள். 2017இல் தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. மிதமான ரசிகன் செய்தியைப் படித்துவிட்டுக் காபி குடிக்கப் போனான். மெட்டு யாருடையது, குரல் யாருடையது, பாட்டு யாருடையது என்று பதிப்புரிமைச் சட்டத்தையே தலைகீழாகப் படித்து, ஒரே நாளில் இரண்டு பக்கமும் வாதாடிக் குரல் கம்மியவன் வெறியன். 2019இல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் சேர்ந்தபோது அவன் அழுத அழுகையில் பொய் இல்லை. தான் கொண்டாடும் மனிதர் தன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று தெரிந்தே கொண்டாடுகிறவனிடம் ஒரு கௌரவம் இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் நான் நகைச்சுவைக்குப் பேசவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் விளையாட்டல்ல. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த, எட்டாம் வகுப்பு படிக்கும் மூன்று சிறுமிகள் கொரியாவின் பிடிஎஸ் குழுவைப் பார்க்க வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். கையில் சேமிப்பு 14,000 ரூபாய். சென்னைக்கு ரயில், பிறகு விசாகப்பட்டினம், அங்கிருந்து கப்பல் என்பது திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் அவர்களை மீட்டார்கள். நல்லவேளை. குழந்தைகள் இப்படிக் கிளம்பும் அளவுக்குப் போகிற பித்தை எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாது, நான் முயலவும் போவதில்லை. ஆனால் இங்கே கோடு ஒன்று கிழிக்க வேண்டியிருக்கிறது. கொரியக் குழுக்களின் ஆல்பத்தை வாங்கினால் உள்ளே ஓர் உறுப்பினரின் படம் போட்ட அட்டை வரும். எவருடையது என்று பிரித்தால்தான் தெரியும். வேண்டியவர் வரும்வரை ஒரே ஆல்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கலாம். அந்த வெறி தொழிற்சாலையில் அளந்து ஊற்றித் தயாரானது. அதில் ரசிகன் வெறும் வாடிக்கையாளன். யாரும் விற்காத ஒன்றை, யாரும் கேட்காத விவரத்தோடு தேடிப் போகிறவனுக்குத்தான் நான் வக்காலத்து வாங்குகிறேன். முதல் வகை ரசிகனால் கம்பெனிக்கு லாபம். இரண்டாம் வகை ரசிகனால் யாருக்கும் பைசா லாபம் இல்லை, அதனால்தான் ஊர் அவனைப் பைத்தியம் என்கிறது.

யாரும் விற்காதது என்றதும் 1993 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு லண்டனில் இளையராஜாவின் சிம்பொனியை ஜான் ஸ்காட் நடத்த ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்துப் பதிவு செய்தது. செய்தி வந்தது, பாராட்டு விழாக்கள் நடந்தன, ஒலிப்பதிவு மட்டும் வெளிவரவில்லை. ஒரு சுரம்கூடக் கேட்காமல் முப்பது ஆண்டுகளாக ஒரு படைப்பின் புகழை உயிரோடு வைத்திருப்பது எந்த மிதமான ரசிகனாலும் ஆகாது. அவனுக்கு மூன்றாம் மாதமே மறந்திருக்கும். 2025 மார்ச் 8ஆம் தேதி அதே லண்டனில் ‘வேலியண்ட்’ என்ற வேறொரு சிம்பொனி அரங்கேறியது. உலகம் அதைக் கேட்டது. உண்மையான வெறியனும் கேட்டிருப்பான், மெய்மறந்து கைதட்டியிருப்பான். அடுத்த முறை ஏற்காடு பேருந்தில், இருபதாவது வளைவு தாண்டி ஏரி கண்ணில் படும் நேரத்தில், ‘இது நல்லாத்தான் சார் இருக்கு, ஆனா அந்தத் தொண்ணூத்து மூணு சிம்பொனி மாதிரி வராது’ என்பான்.