பழைய புலியா, புதிய சிங்கமா?

கேள்வி: கூடைப்பந்தில் கரீம் அப்துல் ஜப்பார் பெரியவரா, லெப்ரான் ஜேம்ஸா? நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. தீர்ப்புச் சொல்லுங்கள்.
– வாசகர், அடி அண்ணாமலை

பதில்: உங்கள் ஊர் வழியே போகும் கிரிவலப் பாதை அன்றும் இன்றும் 14 கி.மீ.தான். ஆனால் கல்லும் முள்ளும் மிதித்துச் சுற்றியவரின் காலும், சாலையில் சுற்றுபவரின் காலும் பட்ட பாடு ஒன்றல்ல. கூடைப்பந்திலும் அப்படித்தான். கரீமின் 38,387 புள்ளிகளை 2023-இல் லெப்ரான் தாண்டினார், உண்மை. ஆனால் அவர்கள் ஆடிய அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வில், வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் 'மூன்று புள்ளிக் கோடு' வந்ததே 1979-இல். அதற்குள் கரீம் பத்து ஆண்டுகள் ஆடிவிட்டார். வாழ்நாளில் அவர் போட்ட மூன்று புள்ளிக் கூடை ஒன்றே ஒன்று! லெப்ரான் 18 வயதிலேயே களம் இறங்கினார். கல்லூரி முடித்து வந்த கரீமுக்கு அப்போது 22.

"அப்படியானால் ஒப்பிடவே கூடாதா?" என்பீர்கள். ஒப்பிடலாம், அவரவர் காலத்து ஆட்டக்காரர்களோடு. பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருது கரீமுக்கு ஆறு முறை, லெப்ரானுக்கு நான்கு முறை. இன்று எதிரிகள் வலுவானவர்கள் என்பது நியாயமான வாதமே. ஆனால் பயிற்சியும் மருத்துவமும் எதிரிக்கு வளர்ந்ததுபோல் லெப்ரானுக்கும் வளர்ந்தன. ஆகவே என் ஓட்டு கரீமுக்கு.

ஒரு வேண்டுகோள்: அடுத்த சண்டையில் நம் சென்னையின் அனிதா பால்துரையையும் சேருங்கள். இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர்.