பதினாறு வயதும் கவிழும் அரசும்: ஓர் ஆய்வு

ஓட்டுப் போடும் வயதுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே ஒருவர் ஆட்சியைக் கவிழ்த்துவிடலாம் என்பது அமெரிக்க இளையோர் அறிவியல் புனைகதையின் அடிப்படைத் துணிபு. சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) நாவலின் காட்னிஸுக்கு வயது பதினாறு. வெரோனிகா ராத் எழுதிய 'டைவர்ஜென்ட்' (2011) நாவலின் டிரிஸுக்கும் பதினாறு. ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'அக்லீஸ்' (2005) நாவலில் டாலிக்கு எப்போது பதினாறு நிறையும் என்று ஓர் அறுவை சிகிச்சை மேசை காத்துக் கிடக்கிறது. இவர்கள் கை வைத்த ஆட்சி எதுவும் தேறவில்லை. பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்த நம் இலக்கணிகள் பதினான்கு முதல் பத்தொன்பது வரை மடந்தை என்று வகுத்தார்கள். ஆனால் மடந்தைக்கு உரிய செயல்களில் ஆட்சிக் கவிழ்ப்பைச் சேர்க்கத் தவறிவிட்டார்கள். அந்தக் குறையை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

தரவுகள் என் அண்ணன் மகளின் அலமாரியிலிருந்து பெறப்பட்டவை. அனுமதி பின்னர் பெறப்பட்டது. பதினோராம் வகுப்புப் படிக்கும் அவளே இவ்வாய்வின் எதிர்வாதியும் ஆவாள். முடிவை மறைத்து எழுதும் வழக்கம் ஆய்வுலகில் கிடையாது. யார் சாகிறார், யார் பிழைக்கிறார் என்பதெல்லாம் இங்கே உடைத்தே சொல்லப்படும். விருப்பமில்லாதவர்கள் இந்த வரியோடு விலகிக்கொள்ளலாம்.

முதற்கண், ஏன் பதினாறு? என் கருதுகோள் மிக எளியது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அந்த வயதில்தான் கார் ஓட்ட உரிமம் கிடைக்கிறது. சாவி கையில் வந்தவுடன் வீட்டைவிட்டுக் கிளம்பத் தோன்றும்; கிளம்பியபின் அடுத்த தடை அரசாங்கம்தான். நம் நாட்டில் அந்த வயதுக்குக் கியர் இல்லாத சின்ன வண்டிக்கு மட்டுமே உரிமம் தருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த ஆட்சியைக் கவிழ்ப்பது? சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதுகூட, அதில் ஆட்சியோடு மோத நேர்ந்த நிலா கல்யாணமானவள், காணாமல் போன கணவனைத் தேடுபவள்; துணைக்கு ஜீனோ என்ற இயந்திர நாய். பொறுப்பை ஒரு குடும்பப் பெண்ணிடமும் நாயிடமும் ஒப்படைக்கத் துணிந்த ஆசிரியர், பள்ளி மாணவர்களை நம்பவில்லை.

அமெரிக்கர்களும் ஆதியில் நம்பவில்லை. ராபர்ட் ஹைன்லைன் 1947 முதல் 1958 வரை ஒரே பதிப்பகத்துக்குப் பன்னிரண்டு சிறுவர் நாவல்கள் எழுதினார். கடைசி நாவலான 'ஹேவ் ஸ்பேஸ் சூட், வில் டிராவல்' கிப் என்ற பையனின் கதை. நிலவுக்குப் போக வேண்டும் என்கிறான். அப்பா புத்தகத்திலிருந்து லேசாகத் தலையைத் தூக்கி, தாராளமாகப் போ என்று சொல்லிவிட்டு மறுபடி படிக்கத் தொடங்குகிறார். பையன் சோப்பு உறைகளைச் சேர்த்து விளம்பர வாசகப் போட்டிக்கு அனுப்புகிறான். முதல் பரிசு நிலவுப் பயணம். இவனுக்கு விழுவதோ யாரோ போட்டுக் கழித்த விண்வெளி உடை. அதைக் கொட்டகையில் வைத்து ஒவ்வொரு வால்வாகப் பழுது பார்க்கிறான். பழைய நாவலின் பதினெட்டு வயதுக்கு ஸ்பானர் போதுமானதாக இருந்தது, அப்பா உயிரோடு இருந்தார், அரசாங்கம் தொந்தரவு செய்யவில்லை.

அப்பா உயிரோடு இருப்பது இன்று கட்டுப்படியாகாது. காட்னிஸின் தந்தை சுரங்க வெடிப்பில் போகிறார்; தாய் இருந்தும் இல்லாத நிலை. டிரிஸின் பெற்றோர் இருவரும் முதல் பாகத்துக்குள்ளேயே மகளுக்காக உயிரைக் கொடுக்கிறார்கள். ஜேம்ஸ் டாஷ்னரின் 'தி மேஸ் ரன்னர்' (2009) இன்னும் சிக்கனமானது. பெற்றோரைக் கொல்லப் பக்கங்களை வீணாக்காமல், பையன்களின் நினைவையே அழித்துவிடுகிறார்கள். பெற்றோர் உயிரோடு இருந்தால் புரட்சிக்குப் போகும் பிள்ளையைச் சாப்பிட்டுவிட்டுப் போ என்பார்கள். கதை அங்கேயே படுத்துவிடும்.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். இந்த நாவல்களின் அரசுகள் கொடுமையால் கவிழ்வதில்லை. கொடுமையை எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அவை கவிழ்வது விழா எடுப்பதால். வருடம் ஒருமுறை ஊரைக் கூட்டி, மேடை போட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பெயர் சொல்லி அழைக்கிற பழக்கம் இவை எல்லாவற்றுக்கும் இருக்கிறது. பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பிள்ளை மேடையேறுகிறது. அன்றைக்கு ஆரம்பிக்கிறது சனி.

ஆங்கிலேயரான ஜான் கிறிஸ்டோபர் 1967-இலேயே இதைக் கண்டுவிட்டார். 'தி ஒயிட் மவுன்டன்ஸ்' நாவலில் பூமியை ஆள்வது முக்காலி இயந்திரங்களில் வலம்வரும் வேற்றுக்கிரகத்தார். பதினான்கு வயதில் பிள்ளைகளின் தலையில் உலோக வலைத்தொப்பி பதிக்கப்படும். பிறகு கலக எண்ணமே வராது. தொப்பி பதிக்கும் நாளில் கிராமத்தில் விருந்து வேறு. சத்தமில்லாமல் பள்ளியில் தடுப்பூசி போடுவதுபோல் பதித்துவிட்டுப் போயிருந்தால் அவர்கள் இன்றுவரை ஆண்டிருப்பார்கள். விழா என்று தேதி குறித்ததால்தான் வில் என்ற பையனுக்குத் தப்பியோட அவகாசம் கிடைத்தது. மூன்றாம் பாகத்தில் அந்த எசமானர்களை வீழ்த்துவது ஏவுகணையன்று, குடிநீரில் கலந்த சாராயம். மது வீட்டுக்கும் நாட்டுக்கும் மட்டுமல்ல, வேற்றுக்கிரகத்துக்கும் கேடு என்பது இதனால் பெறப்படும்.

'தி ஹங்கர் கேம்ஸ்' விழாவைச் சற்று நின்று தணிக்கை செய்வது அவசியம். பானெம் நாட்டின் பன்னிரண்டு மாவட்டங்களிலும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குகிறார்கள். மாவட்டத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஆக 24 பேர் அரங்கத்துக்குள் போய் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். வயது ஏற ஏறச் சீட்டும் கூடும், பன்னிரண்டில் ஒன்று, பதிமூன்றில் இரண்டு என்று. இதுவரை சாதாரணக் கொடுங்கோன்மை. காலின்ஸின் மேதைமை அடுத்த விதியில் இருக்கிறது. வீட்டில் பட்டினியா? கூடுதலாக ஒரு சீட்டுப் போட்டுக்கொள், ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கான தானியமும் எண்ணெயும் அரைகுறையாகக் கிடைக்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு. வருடா வருடம் போட்ட சீட்டெல்லாம் சேர்ந்துகொண்டே போகும்.

காட்னிஸ் வீட்டில் அவள், அம்மா, தங்கை என்று மூன்று வயிறு. கட்டாயச் சீட்டு ஒன்று, தானியச் சீட்டு மூன்று, ஆண்டுக்கு நான்கு. பன்னிரண்டு முதல் பதினாறு வரை ஐந்து ஆண்டு. இருபது என்கிறது நாவல், சரி. அவள் நண்பன் கேல் வீட்டில் ஐந்து பேர். ஆண்டுக்கு ஆறு சீட்டு, பதினெட்டு வயது வரை ஏழு ஆண்டு. நாற்பத்திரண்டு என்கிறது நாவல்; அதுவும் சரி. இவ்வளவு உதைக்காத கணக்கை நான் எந்தக் கூட்டுறவு சங்கத்திலும் பார்த்ததில்லை. கடைசியில் குலுக்கலில் வருவது தங்கை பிரிம்மின் பெயர். அவளுக்கு அந்தப் பாத்திரத்தில் இருந்தது ஒரே ஒரு சீட்டு. தங்கை தானியச் சீட்டே போடக் கூடாது என்று அக்காள் தடுத்து வைத்திருந்தாள்.

ரேஷன் வரிசையில் நின்ற எவருக்கும் இந்த ஏற்பாடு புரியும். பசித்தவனுக்குச் சாவு வாய்ப்பு அதிகம், வசதியுள்ளவனுக்குக் குறைவு. ஆனால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம், ஏனெனில் சீட்டு எல்லோருக்கும் ஒரே அளவு. மேயர் மகளைப் பார்த்துக் கேல் எரிச்சல்படுவதும் இதனால்தான். அம்புகளையும் தீப்பற்றும் ஆடைகளையும் மறந்த பின்னும் இந்தத் தானியச் சீட்டு மனதில் நிற்கிறது. இந்த வகை நாவல்களின் உயிர் புரட்சியில் இல்லை, அலுவலக நடைமுறையில் இருக்கிறது என்பது என் துணிபு.

'டைவர்ஜென்ட்' இவ்விஷயத்தில் ஒரு படி கீழே. சிதைந்த சிகாகோவில் தன்னலமின்மை, அன்பு, நேர்மை, துணிவு, அறிவு என்று ஐந்து பிரிவுகள். பதினாறு வயதில் மேடையேறிக் கையைக் கீறி, கல், மண், கண்ணாடி, தணல், நீர் இருக்கும் ஐந்து கிண்ணங்களில் ஒன்றில் ரத்தம் சொட்ட வேண்டும். பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்ற கவலை இதைவிடச் சுத்தமானது. தன்னலமின்மைப் பிரிவு வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அம்மா முடி வெட்டிவிடும் நாளில்தான் கண்ணாடி பார்க்கலாம் என்று ராத் முதல் பக்கத்திலேயே எழுதுகிறார். நல்ல இடம். ஆனால் துணிவுப் பிரிவினர் ஏன் எப்போதும் ஓடும் ரயிலில் ஏறி, ஓடும் ரயிலிலிருந்தே குதிக்கிறார்கள்? வண்டியை நிறுத்தினால் என்ன? பேருந்தும் ரயிலும் ஓட்டுவது பிரிவில்லாத ஏழைகள் என்று நாவல் சொல்கிறது. அவர்களிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

இவ்விரு நாவல்களும் தன்மை ஒருமையில், நிகழ்காலத்தில் நடப்பவை. ஓடுகிறேன், விழுகிறேன், முத்தமிடுகிறேன். இஃது என் பயத்ததோ எனின், இறந்தகாலத்தில் சொன்னால் சொல்பவள் பிழைத்துவிட்டாள் என்பது தெரிந்துவிடும். நிகழ்காலத்தில் எந்த வரியிலும் செத்துப்போகலாம் என்க. ராத்தின் மூன்றாம் பாகமான 'அலீஜியன்ட்' (2013) டிரிஸ் ஓர் அத்தியாயம், காதலன் டோபயஸ் ஓர் அத்தியாயம் என்று மாறி மாறிப் போகும். திடீரென்று இன்னொரு கதைசொல்லியை ஏன் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கூர்மையான வாசகர் அப்போதே சந்தேகப்பட்டிருப்பார். டிரிஸ் சாகிறாள். கதையை முடித்துவைக்க ஆள் வேண்டுமல்லவா?

மூன்றாம் பாகம் பற்றி ஒரு விதி உண்டு. அரசு கவிழ்வது அந்தப் பாகத்தில்தான். பெரும்பாலும் நாவலும் அங்கேதான் கவிழ்கிறது. முதல் பாகத்தில் அரிசி எப்படி வாங்குவது, கண்ணாடி எப்போது பார்ப்பது என்று வாசகருக்குத் தெரியும். மூன்றாம் பாகத்தில் தளபதிகள் வந்துவிடுகிறார்கள், சுரங்கப்பாதைகள் வந்துவிடுகின்றன, வரைபடத்தை மேசையில் விரிக்கிறார்கள். 'அலீஜியன்ட்'டில் வேலியைத் தாண்டிப் போனால் பழைய ஓஹேர் விமான நிலையத்தில் உட்காரவைத்து மரபணு விளக்கம் தருகிறார்கள். பக்கம் பக்கமாக. இந்நூலின் திரைப்படம் 2016-இல் வசூலில் சரிந்தது; அடுத்து வரவிருந்த நிறைவுப் படம் வரவேயில்லை. பட நிறுவனமும் விதிக்குக் கட்டுப்பட்டது.

'மாக்கிங்ஜே' (2010) மட்டும் தப்பித்துக்கொள்கிறது. போர்ப் பக்கங்கள் அதிலும் அலுப்பே. ஆனால் பழைய அதிபர் ஸ்னோ பிடிபட்ட பிறகு, புதிய தலைவி காயின் ஒரு யோசனை சொல்கிறாள்: தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு ஹங்கர் கேம்ஸ் நடத்தலாமே? உயிர் பிழைத்தவர்களிடம் ஓட்டெடுப்பு. காட்னிஸும் சரி என்கிறாள். பிறகு ஸ்னோவைக் கொல்ல ஊரைக் கூட்டி விழா எடுக்கிறார்கள், வில்லை அவள் கையில் கொடுக்கிறார்கள். அம்பு காயின் மேல் பாய்கிறது. விழா எடுத்த அரசு, விழாவிலேயே, பதவியேற்ற சூட்டோடு கவிழ்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இந்த இடத்தில் எதிர்வாதி குறுக்கிட்டாள். "சித்தப்பா, 'தி கிவர்' படிச்சீங்களா? அதுல விழாவும் இருக்கு, அரசும் விழல. இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

லோயிஸ் லோரி 1993-இல் எழுதிய அந்த நாவலில் விழாவுக்குப் பஞ்சமே இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு முதுகுப் பக்கம் பொத்தான் வைத்த சட்டை, ஒருவருக்கொருவர் மாட்டிவிடப் பழகட்டும் என்று. ஏழு வயதில் முன்பக்கப் பொத்தான், ஒன்பதில் சைக்கிள், பன்னிரண்டில் வேலை. எல்லாம் மேடையில். ஜோனஸ் கடைசியில் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போகிறான். ஊர் என்ன ஆயிற்று என்று நாவல் சொல்லாமல் நிறுத்திவிடுகிறது. இலக்கண நூலில் இதற்குப் புறனடை என்று பெயர். தோற்கக்கூடிய விதிக்கு நூலாசிரியர் எடுத்து வைக்கும் முன்ஜாமீன் அது. எதிர்வாதி இதை ஏற்கவில்லை. "உங்களுக்கு வசதியா வளைக்கிறீங்க" என்றாள். ஆய்வு நெறிகளை அவளுக்கு இன்னும் கற்பிக்கவில்லை.

ஆனால் அந்த நாவலில் ஓர் இடத்தை எந்த விதிக்குள்ளும் வளைக்க முடியவில்லை. ஜோனஸின் அப்பா குழந்தைக் காப்பகப் பணியாளர், கனிவான மனிதர். இரட்டைக் குழந்தைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது ஊர் விதி. பிறந்த இரண்டையும் எடை போடுகிறார். எடை குறைந்ததன் நெற்றி நரம்பில் ஊசி போடுகிறார், கொஞ்சும் குரலில் சமாதானம் சொல்லிக்கொண்டே. அட்டைப்பெட்டியில் வைத்து, குப்பை போகும் குழாயில் தள்ளி, டாட்டா காட்டுகிறார். மகன் அதைத் திரையில் பார்க்கிறான். அங்கே விழா இல்லை, மேடை இல்லை. ஓர் அலுவலர் தன் காலை வேலையை ஒழுங்காக முடிக்கிறார்.

விழாவே எடுக்காத அரசு ஒன்றும் அலமாரியில் இருந்தது. எம்.டி. ஆண்டர்சனின் 'ஃபீட்' (2002). அதில் சிறுவயதிலேயே மூளைக்குள் இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். விளம்பரம் நேராக எண்ணத்துக்குள் வரும். உடம்பில் புண் வருகிறது, அதுவே நாகரிகமாகிவிடுகிறது. வயலெட் என்ற பெண் கண்டதையெல்லாம் விசாரித்து, எதையும் வாங்காமல், தன்னைப் பற்றி நிறுவனம் போட்டுவைத்த கணக்கைக் குழப்புகிறாள். அவள் இணைப்புப் பழுதாகி உயிருக்கு ஆபத்து வந்தபோது, பழுது பார்க்கச் செலவு செய்ய நிறுவனம் மறுக்கிறது, வாங்கும் பழக்கம் நம்பிக்கை தருவதாக இல்லை என்று. நாவல் முடியும்போது அவள் சாகக் கிடக்கிறாள். யாரும் எதையும் கவிழ்க்கவில்லை. கவிழ்க்க மேடையில் ஆளே இல்லை. என் தீர்ப்பில் இந்த அலமாரியின் மிக நல்ல நாவல் இதுதான். எதிர்வாதியின் தீர்ப்பில் மிகவும் போரடித்த நாவலும் இதுதான்.

வாங்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று பாகத்தையும் அட்டைப்பெட்டியில் போட்டுத் தள்ளுபடியில் தருவார்கள், ஏமாறாதீர்கள். முதல் பாகத்தை மட்டும் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். அரிசிக்கு வழி சொல்லியிருந்தால் இரண்டாவதை வாங்கலாம்.