மேட்டூர்க் கணக்கும் மாப்பிள்ளை மனுவும்

மனுவைப் படிச்சேன் மாப்ளே. எழுத்து நல்லாத்தான் இருக்குது. “மேட்டூர் அணைப் பூங்காவுக்கு ஆடிப்பெருக்கன்னிக்கு ஆயிரக்கணக்குல ஜனம் வருது. அங்க புல்தரை இருக்குது, ஊஞ்சல் இருக்குது, உக்கார இடம் இருக்குது. வாழப்பாடியிலயும் இதெல்லாம் வெச்சா அதே மாதிரி கூட்டம் வந்தே தீரும்.” படிக்கறப்ப நம்ம ஊருக்குள்ள காவேரியே திரும்பிட்டாப்பல எனக்கும் ஒரு நிமிசம் தோணிச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் பார்த்தா, அக்கட்டால அதே வசிஷ்ட நதி, அதுல அதே மணலு.

கோவிச்சுக்காதே. மாமன் கேக்காம வேற யாரு கேப்பா?

ஆடி பதினெட்டுக்கு உங்க அத்தையைக் கூட்டிக்கிட்டு வேன்ல ஏறி, சேலம் தாண்டி, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நானும் போயிருக்கேன். எதுக்குப் போனோம்? காவேரியில முழுகணும். அணைக்கட்டு முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவலை அறுக்கணும். புதுசாக் கண்ணாலம் ஆன புள்ளைங்க தாலிக்கயிறு மாத்தணும். அறுத்த சேவலைக் கொழம்பு வெச்சா எங்கயாச்சும் உக்கார்ந்து திங்கணும்ல? நிழலு பூங்காவுல இருக்குது, அதுக்கு டிக்கெட்டு எடுத்தோம். மறுநாள் பேப்பர்ல, “பூங்காவுக்கு இத்தனை ஆயிரம் பேர் வருகை, கட்டணம் இத்தனை ஆயிரம் வசூல்”னு போட்டான். அந்த எண்ணிக்கையில நானும் ஒருத்தன், உங்க அத்தையும் ஒருத்தி. உங்க அத்தைகிட்டப் போயி அந்தப் பூங்காவுல என்ன செடி இருந்துச்சுன்னு கேளு. கொழம்புல உப்பு கூடிப்போனதுதான் அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

டிக்கெட்டுக் கணக்கு பொய்யின்னு நான் சொல்லலை. உள்ள எத்தனை பேரு நுழைஞ்சாங்கன்னு அது சரியாத்தான் சொல்லுது. எதுக்கு நுழைஞ்சாங்கன்னு அதைப் போயிக் கேட்டா அது பாவம் என்ன பண்ணும்? கல்யாண மண்டபத்து வாசல்ல செருப்பை எண்ணிட்டு, மாப்பிள்ளை அழகைப் பார்க்கத்தான் இத்தனை பேரு வந்திருக்காங்கன்னு சொன்னா, பந்தியில இருக்கறவன் சிரிக்க மாட்டானா?

அப்பறம் அந்த அணை இருக்குதே. 1925-ல ஆரம்பிச்சு 1934 ஆகஸ்டுல திறந்தாங்க. 93 டி.எம்.சி.க்கு மேல தண்ணி புடிக்கும். 2025 ஜூன் கடைசியில 120 அடி ரொம்புச்சு. கட்டின நாள்ல இருந்து அது 44-ஆவது தடவையின்னு எழுதினாங்க. ரொம்பினா என்ன ஆகும்? பதினாறு கண் மதகுல தண்ணி வெள்ளையாக் கொட்டும். அதைப் பார்க்க சேலம், தர்மபுரி, ஈரோடுன்னு வண்டி கட்டிக்கிட்டு வந்துருவாங்க. வந்தவங்க வறுத்த மீனு வாங்கித் தின்னுட்டு, புள்ளைங்க அழுகுதுன்னு பூங்காவுக்குள்ளயும் ஒரு நடை போயிட்டு வருவாங்க. நீ என்ன சொல்றே? ஊஞ்சலுக்குத்தான் வந்தாங்கங்கறே.

சரி, தண்ணிதான் காரணம்னு நான் சொல்லிட்டுப் போயிரலாம். நீ சும்மா விடுவியா? தண்ணி வத்தினா என்ன நடக்குதுன்னும் பார்த்துரு. அணை கட்டினப்ப முழுகிப்போன ஊருங்க உள்ள கெடக்குது. தண்ணி நல்லா இறங்கிச்சுன்னா பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலையைக் காட்டும், பழைய மாதா கோயில் கோபுரம் வெளிய வரும். அதைப் பார்க்கறதுக்கும் பரிசல் துறையில கூட்டம்! ரொம்பினாலும் வர்றான், வத்தினாலும் வர்றான். அங்க பெஞ்சும் இல்ல, ஊஞ்சலும் இல்ல. ஒரே ஒரு காரணத்தைப் புடிச்சு ஆணியில மாட்டலாம்னு போனா, ஆணிதான் மிஞ்சுது மாப்ளே.

பெஞ்சு விசயத்துல நீ நியூயார்க்கையே சாட்சிக்குக் கூட்டியாந்துட்டே. “அமெரிக்காக்காரரே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காருங்க மாமா”ன்னு செல்போனை மூக்குக்கு நேரா நீட்டினே. வில்லியம் வைட்டுன்னு ஒரு மனுசன். 1970-கள்ல பெரிய பெரிய கட்டடங்களுக்கு முன்னால இருக்கற திடல்கள்ல கேமரா வெச்சு, யாரு எங்க உக்கார்றாங்க, எவ்வளவு நேரம் உக்கார்றாங்கன்னு பார்த்தாரு, 1980-ல புஸ்தகமாப் போட்டாரு. உக்கார இடம் எங்க இருக்குதோ அங்கதான் ஜனம் உக்காருதுங்கறது அவரு முடிவு. நம்ம டீக்கடைத் திண்ணைக்கு வந்திருந்தா ஒரே நாள்ல சொல்லியிருப்போம். ஆனாலும் அவரைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். அவரு வேலையை வெச்சு 1975-லயே அந்த ஊருல விதியைத் திருத்தி, திடல்னு விட்டா உக்கார இத்தனை இடம் விட்டாகணும்னு ஆக்கினாங்க.

ஆனா நீ அந்த ஆளைப் பாதியிலயே எறக்கி விட்டுட்டே. அவரு கேமரா வெச்சது எங்க? மத்தியானம் ஆபீசு விட்டா, சோத்துப் பொட்டலத்தோட ஆயிரம் பேரு தெருவுல எறங்கற எடத்துல. தெருவுக்கும் திடலுக்கும் ஒட்டுறவு இருக்கணும்னு அவரே அழுத்திச் சொல்லியிருக்காரு. அங்க ஆளு இருந்துச்சு, உக்காரத்தான் இடம் இல்ல. நீ மனு போடற எடத்துல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு யாரு எறங்குவா? பக்கத்து மரவள்ளிக் காட்டுல இருந்து ரெண்டு ஆடு. அதுங்க பெஞ்சுல உக்காராது, பெஞ்சுக்குப் பக்கத்துல நீ நட்ட செடியத் தின்னும்.

என் பேத்தி கட்டடம் கட்டற படிப்புப் படிக்குது. நீ நியூயார்க்கைக் காட்டினேன்னு அவ எனக்குப் பிலடெல்பியாவைக் காட்டினா. எங்க வீட்லயும் செல்போன் இருக்குதுல்ல! 1682-ல வில்லியம் பென்னுங்கறவரு அந்த ஊருக்குத் திட்டம் போட்டப்ப நடுவுல ஒரு சதுக்கம், அதுக்கு நாலு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு வெச்சாரு. நாலும் ஏறக்குறைய ஒரே அளவு, நடு ஊருல இருந்து ஏறக்குறைய ஒரே தூரம். 1961-ல ஜேன் ஜேக்கப்ஸ்னு ஒரு அம்மா அந்த நாலையும் பத்தி எழுதினாங்க. ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்துல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஆளு. ஏன்னா சுத்தி வீடு இருக்குது, கடை இருக்குது, ஆபீசு இருக்குது. வேலைக்குப் போறவன் காலையில குறுக்க நடப்பான், தாய்மாருங்க புள்ளைங்களோட பத்து மணிக்கு வருவாங்க, ஆபீசுக்காரன் மத்தியானம் வருவான், பள்ளிக்கூடம் விட்டா பசங்க. வாசிங்டன் சதுக்கத்தைச் சுத்தி வெறும் ஆபீசாவே இருந்துச்சு. சோத்து நேரம் தாண்டினா அங்க ஈயாடிச்சு. மூணாவது, லோகன் சதுக்கம். அது வண்டிங்க சுத்திப் போற வளைவுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. நாலாவதுல, போக்கிடம் இல்லாதவங்க வந்து தங்கினாங்க. பூங்கா சுத்துவட்டாரத்துக்கு உசுரு குடுக்காது, சுத்துவட்டாரந்தான் பூங்காவுக்குக் குடுக்கும்னு அந்த அம்மா வாதம். நாலே நாலு சதுக்கத்தை வெச்சு ஊரு உலகத்துக்கே தீர்ப்பு சொல்லிட்டாங்களேன்னு நீ கேக்கலாம். கேளு, கேக்கணும். என்கிட்ட கேக்கற கேள்வியை உன் மனுகிட்டயும் கேளுன்னுதான் நான் சொல்றேன்.

“அப்படின்னா ஏத்தாப்பூர் முத்துமலை?”ன்னு நீ மடக்குவே, தெரியும். 2022 ஏப்ரல் 6-ஆம் தேதி கும்பாபிசேகம் ஆச்சு, 146 அடி முருகன், மலேசியா பத்துமலைச் சிலையை விட ஆறடி கூட. “பெருசாக் கட்டினா கூட்டம் வருதுல்லீங்க மாமா”ங்கறே. பத்துமலையில 140 அடிச் சிலையை வெச்சது 2006-ல. தைப்பூசம் அங்க 1892-ல இருந்து நடக்குது. நூறு வருசத்துக்கு மேல சிலை இல்லாமயே ஜனம் காவடி தூக்கிக்கிட்டு ஏறியிருக்குது. முத்துமலை புதுசுதான், வாஸ்தவம். ஆனா அது எங்க நிக்குதுன்னு பாரு. சேலத்துல இருந்து ஆத்தூர் போற ரோட்டுல வர்ற காருக்காரன் கண்ணுல படற மாதிரி நிக்குது. அவன் கால நீட்டறதுக்கு எடம் தேடிக்கிட்டே வர்றவன். உயரம் எவ்வளவு இழுத்துச்சு, ரோடு எவ்வளவு இழுத்துச்சு, முருகன் எவ்வளவு இழுத்தாருன்னு தராசு போட்டுப் பிரிக்க என்னால ஆகாது. உன்னால ஆகும்னா சொல்லு, முருகன் பங்கை மட்டும் குறைச்சுப் போட்டுராதே, உங்க அத்தை அடிப்பா.

வண்டியை எண்ணினியே, அதுக்கும் ஒரு வார்த்தை. “முத்துமலையில நிக்கற காரைப் பாருங்க”ன்னு போட்டோ வேற. வண்டிக் கணக்கு என்ன சொல்லும்னு ஊட்டியைப் பாரு. அங்க போற வண்டிங்களுக்கு 2024 மே 7-ல இருந்து ஐகோர்ட்டு உத்தரவுல இ-பாஸ் வந்துச்சு. 2025-ல ஏப்ரலுக்கு மேல நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8,000-னு வரம்பு போட்டாங்க. மலை ரோடு எவ்வளவு தாங்கும்னு பார்க்கறதுக்கு வண்டியைத்தான் எண்ணணும், சரியான காரியம். ஆனா அரசு பஸ்ஸுல போறவனுக்கு அந்தப் பாஸு வேண்டியதில்ல. ஒரு கார்ல புருசன் பொண்டாட்டி ரெண்டே பேரு போனாலும் அது கணக்குல ஒண்ணு. பஸ்ஸு நிறைய தொங்கிக்கிட்டுப் போனாலும் அது கணக்குலயே இல்ல. ஊட்டி யாருக்குப் புடிக்குதுன்னு அந்த நோட்டைப் பார்த்து நீ சொன்னா, கார் இருக்கறவனுக்குத்தான் மலை புடிக்கும்னு முடிவுக்கு வருவே. நம்ம வாழப்பாடியில பூங்காவுக்கு வர்றவன் நடந்து வருவான், சைக்கிள்ல வருவான். நீ வாசல்ல காரை எண்ணிட்டு “ஆளே இல்லீங்க”ன்னு எழுதுவே.

இன்னொண்ணு கேக்கறேன், பதில் சொல்ல வேண்டாம், யோசி. வருசத்துக்கு ஒரு நாளு பத்தாயிரம் பேரு வந்து எச்சில் இலையைப் போட்டுட்டுப் போற எடம் ஒண்ணு. தினம் விடியக்காலம் சக்கரை வியாதிக்காரங்க பத்து பேரு நடக்கறாங்க, சாயங்காலம் நாலு கிழவனுங்க மரத்தடியில உக்கார்ந்து பாக்கு விலையைப் பத்திச் சண்டை போடறாங்க, அது இன்னொண்ணு. ரெண்டுல எது ஜனத்துக்குப் புடிச்ச பூங்கா? பேப்பர்ல மொதலாவதுதான் வரும். ரெண்டாவதுல நாலு கிழவனுல ஒருத்தன் நான்.

வராதவங்களை நீ எண்ணவே இல்லியே மாப்ளே. உங்க அத்தை ஏன் பூங்காவுக்கு வர மாட்டேங்கறா? பெஞ்சு இல்லேன்னா? ஒண்ணுக்குப் போகணும்னா எங்க போறதுன்னு தெரியாமத்தான். ஏழு மணிக்கு மேல லைட்டு எரியாததாலதான். வந்தவங்களைக் கேட்டா எல்லாம் நல்லா இருக்குதும்பாங்க, அதனாலதானே வந்திருக்காங்க. கேக்கறதுன்னா வாரச்சந்தைக்குப் போ. காய்ப் பையோட பஸ்ஸுக்கு நிக்கற பொம்பளைங்களைக் கேளு: பஸ்ஸு வர்ற வரைக்கும் எங்க உக்காருவீங்க, எங்க உக்கார ஆசைன்னு. பத்து பேரைக் கேட்டாப் போதும், உன் மனுவுல பாதி அழிஞ்சு வேற மனு வந்துரும். ஒரு வேளை பெஞ்சேதான் வேணும்னும் சொல்லலாம். சொன்னா நல்லதாப் போச்சு, அப்ப அது பூங்காவுக்குள்ளயா, பஸ் ஸ்டாண்டுலயான்னு மட்டும் கேட்டுக்க.

கையெழுத்து நான் போடறேன். மாமன் போடாம எவன் போடுவான்? ஆனா அந்த “கூட்டம் வந்தே தீரும்”ங்கற வரியை அடிச்சிட்டு அங்க “பொம்பளைங்களுக்குக் கக்கூசு, ரெண்டு லைட்டு”ன்னு எழுது. பேனா வெச்சிருக்கியா, இல்ல அதுக்கும் மேட்டூர் போயிட்டு வரணுமா?