ஹெதாஃபே என்கிற தாம்பரம்

மகள் குடித்தனம் போன ஊரின் பெயரை விசா விண்ணப்பத்தில் பார்த்து, 'கெட்டாஃபே' என்று உரக்கப் படித்தேன். "ஊர் பேர்லயே கெட்டது இருக்கே, நல்ல ஊரா பார்த்துப் போகக் கூடாதா?" என்றாள் என் மனைவி. வீடியோ அழைப்பில் மாப்பிள்ளை திருத்தினார். "மாமா, அது ஹெதாஃபே. ஸ்பானிஷில் ஜி-க்குப் பின்னால் ஈ வந்தால் தொண்டையைச் செருமுற மாதிரி ஒரு ஹ." நானும் செருமிச் செருமிப் பழகினேன். மூன்றாம் நாள் ஊர்ப் பெயர் வந்துவிட்டது. கூடவே இருமலும் வந்தது.

நாங்கள் தாம்பரம் பக்கத்துச் சேலையூர்க்காரர்கள். எங்கள் தெருவில் ஸ்பெயினைப் பற்றிப் பொதுவாக இரண்டு செய்திகள்தான் புழக்கத்தில் உண்டு. ஒன்று, மாடு முட்டும். இன்னொன்று, தக்காளியால் அடிப்பார்கள். இரண்டாவதை 2011-இல் வந்த ஓர் இந்திப் படத்தில் பார்த்ததாக எதிர்வீட்டு மாமா சாட்சி சொன்னார். வலென்சியா பக்கம் புஞோல் என்ற ஊரில் ஆகஸ்ட் மாதக் கடைசிப் புதன்கிழமை நடக்கிற திருவிழா அது. நாங்கள் போவது ஜூன் மாதம் என்று எவ்வளவு சொல்லியும் என் மனைவிக்கு மனம் ஆறவில்லை. அடி வாங்குவதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய நாட்களைக் கண்டவள் அவள். "அத்தனையும் ரசம் வெச்சா எத்தனை நாளைக்கு வரும்!" என்பதுதான் அவள் துக்கம்.

மாட்ரிட்டில் இறங்கி, அத்தோச்சா நிலையத்தில் மின்சார ரயில் பிடித்து, தெற்கே போனோம். அங்கேதான் முதல் அதிர்ச்சி. அதிர்ச்சி என்றால், வித்தியாசமாக எதுவுமே இல்லாத அதிர்ச்சி. ஹெதாஃபே மாட்ரிட்டின் தெற்குப் புறநகர். காலையில் ஊரே மின்சார ரயிலில் ஏறி நகரத்துக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் கசங்கித் திரும்புகிறது. ஊரை ஒட்டி விமானப்படைத் தளம். தலைக்கு மேலே விமானம் உறுமினால் பேச்சை நிறுத்திக்கொண்டு, அது போனதும் விட்ட வாக்கியத்திலிருந்து தொடர்கிறார்கள். தாம்பரத்தில் நாங்கள் செய்வதும் அதுவே. நமக்குக் கிறிஸ்தவக் கல்லூரி மாதிரி அவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம். நமக்குப் பரங்கிமலை மாதிரி அவர்களுக்கும் ஊரோரம் ஒரு குன்று, மேலே மாதா கோயில். தேவதைகளின் குன்று என்று பெயர். ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த தீபகற்பத்துக்கு அதுதான் நட்டநடு என்று நெடுநாளாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

"இதுக்கா துபாய்ல அஞ்சு மணி நேரம் உட்கார்ந்து வந்தோம்? தாம்பரத்துலயே இறக்கி விட்டுட்டாங்களே" என்றாள் மனைவி.

பரங்கிமலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1523-இல் போர்ச்சுகீசியர் கட்டிய அந்தக் கோயில், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மாதாவுக்கானது. அந்த மாதாவின் திருநாள் டிசம்பர் 18. அந்தத் தேதியைக் குறித்துக் கொடுத்தது 656-இல் தொலேதோவில் கூடிய ஆயர்கள் சபை. தொலேதோ, மகள் வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. நம் பக்கத்துச் சவேரியார்களுக்கெல்லாம் மூலப் பெயர் தந்த பிரான்சிஸ் சவேரியார் 1506-இல் பிறந்தது வடக்கே நவார்ரா நாட்டில், ஹாவியெர் கோட்டையில். பாஸ்க் மொழியில் அந்தப் பெயருக்குப் புதுவீடு என்று பொருள். 1545-இல் அவர் மயிலாப்பூரில் சில மாதம் தங்கினார். சென்னையில் வாடகைக்கு அலைகிற யாருக்கும் புதுவீடு என்ற பெயரில் ஒரு புனிதர் இருப்பது ஆறுதல்.

மொழி பயந்த அளவுக்கு இல்லை. உணவகத்தில் பணியாளர் 'மேசா' என்றார். மனைவி நேராக மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அலமாரிக்கு 'அர்மாரியோ', துவாலைக்கு 'தோவாயா'. எல்லாம் போர்ச்சுகீசியர் நம்மிடம் விட்டுப்போன சொற்களின் ஒன்றுவிட்ட உறவுகள். 'பேரோ' என்றால் ஆனால்; ரகரத்தை அழுத்தி 'பெர்ரோ' என்றால் நாய். ர, ற வித்தியாசம் தெரியாமல் நாற்பது வருடம் ஓட்டிவிட்ட நான், "ஆனால், ஐயா" என்று தொடங்கி ஒரு பெரியவரை "நாய், ஐயா" என்று அழைத்தேன். தமிழ் வாத்தியார் கொடுத்த அடியெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சரி என்பதற்கு அவர்கள் சொல்வது 'பாலே'. ரொட்டி வாங்கினால் பாலே, காசு நீட்டினால் பாலே, வழி கேட்டு நகர்ந்தால் பாலே. தன்னைத்தான் "பலே" என்று பாராட்டுகிறார்கள் என்று நான்கு நாள் மனைவி பூரித்துக் கிடந்தாள். ஐந்தாம் நாள் மகள் உண்மையைச் சொல்லிக் கெடுத்தாள். ரயிலில் பையன்கள் ஒருவரை ஒருவர் 'தீயோ, தீயோ' என்று விளித்துக்கொண்டிருந்தார்கள். "மாமான்னு அர்த்தம் மாமா" என்றார் மாப்பிள்ளை. மச்சி, மாமே என்று உலகத்தையே உறவாக்கும் சென்னைப் பையன்களுக்கு இது தெரிந்தால் நாளைக்கே குடியேறிவிடுவார்கள்.

குடியேறுவதில் ஒரு சிக்கல் உண்டு. பெயர். ஸ்பானியர்களுக்கு ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர்: வழக்கமாக முதலாவது அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. கல்யாணம் ஆனாலும் பெண் தன் பெயரை மாற்றுவதில்லை. விண்ணப்பம் எதுவானாலும் இரண்டு கட்டங்கள் காத்திருக்கும். நமக்கோ ஒற்றைப் பெயர், முன்னால் ஓர் எழுத்து. அந்த எழுத்தை விரித்துக் கடவுச்சீட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுக்கொண்ட மாப்பிள்ளை, குடியிருப்பைப் பதியப் போன அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அப்பா பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். இவர், அப்பா எங்கே வந்திருக்கிறார் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். இரண்டாவது கட்டம் ஏன் காலி என்று அங்கிருந்த அலுவலர் அம்மாள் கேட்டபோது, "உங்களுக்கு அம்மா இல்லையா?" என்கிற பரிதாபம் முகத்தில் இருந்ததாம்.

இதெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ராத்திரிச் சாப்பாடு.

எனக்கு ஏழரைக்குத் தட்டு வந்தாக வேண்டும். முதல் நாள் ஏழு மணிக்கே வயிறு மணியடித்தது. வெளியே வெயில் நம்மூர் மூன்று மணி மாதிரி. எட்டு மணிக்கு ஓர் உணவகத்துக்குள் நுழைந்தோம். ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான துடைப்பு அது. எட்டரைக்குத்தான் அடுப்பு பற்றவைப்பார்களாம். ஒன்பது மணி வரை அந்த மண்டபத்தில் நாங்கள் நால்வர் மட்டும், கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிட்ட உறவினர் போல. ஒன்பதரைக்குக் கூட்டம் வந்தது. பத்தரைக்குக் கைக்குழந்தையோடு பாட்டிமார்கள் வந்தார்கள்.

என் மனைவி கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து மாற்ற மறுத்துவிட்டாள். கோடையில் வித்தியாசம் மூன்றரை மணி நேரம். "மணி பத்தரை, இன்னும் வெயில் அடிக்குது பாருங்க" என்று தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வியப்பாள்.

இந்தக் கூத்துக்குக் காரணம் வயிறு இல்லை, அரசியல். லண்டனும் ஸ்பெயினும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. கிரீன்விச் கோடே ஸ்பெயினின் கிழக்குப் பகுதி வழியாக இறங்குகிறது. 1940-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியோடு சேர்த்தார். போர் முடிந்தது, ஹிட்லர் போனார், ஃபிராங்கோவும் போனார்; கடிகாரம் மட்டும் திரும்பவில்லை. கோடைக்கு இன்னொரு மணி நேரம் கூடுகிறது. ஆக ஜூன் மாதம் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் இரண்டேகாலுக்கு. அவர்கள் இரண்டரைக்குச் சாப்பிடுவது சூரியக் கணக்கில் பன்னிரண்டேகால். இரவு ஒன்பதரை என்பது ஏழேகால். அப்படியென்றால் நானும் அவர்களும் ஒரே நேரத்தில்தான் சாப்பிட்டு வந்திருக்கிறோம்! இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டு மனைவியிடம் காட்டினேன். "வயிறு சரி, கடிகாரம்தான் பொய். இதுக்குப் பேப்பர் எதுக்கு?" என்றாள்.

சாப்பாட்டிலேயே இன்னொரு முடிச்சு. நாங்கள் செவ்வாய், வெள்ளி சைவம். திங்களன்று மீன் தின்ற குடும்பம் செவ்வாயன்று "இறைச்சி வேண்டாம்" என்றதும், பணியாளர் எங்கள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். பீன்ஸ் பொரியல் வந்தது. அதில் சிவப்பாகத் துண்டுகள். "இறைச்சி வேண்டாம்னு சொன்னோமே?" "இது இறைச்சி இல்லை, ஹமோன்" என்றார் நிதானமாக. உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையை அங்கே பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, நம் ஊரில் சிலர் முட்டையைச் சேர்க்காத மாதிரி. மகள் கிழமைக் கணக்கை விளக்கினாள். வெள்ளி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தவக்கால வெள்ளிகளில் அவர் பாட்டியும் இறைச்சி தொடாமல் கொண்டைக்கடலையும் கீரையும் உப்புக்கருவாடும் போட்டுக் குழம்பு வைப்பாராம். வெள்ளி அவருக்குப் புரிந்தது. செவ்வாய் மட்டும் கடைசிவரை புரியவில்லை.

மனைவியை ஸ்பெயின் ஜெயித்தது வலென்சியாச் சோற்றில். பாயெயா என்பது அகலமான தட்டைச் சட்டியின் பெயர். சோற்றுக்கும் அதே பெயர். குங்குமப்பூப் போட்டு, கிளறாமல் விட்டு, அடியில் மொறுமொறுவென்று பிடிக்கவிடுகிறார்கள். அந்த அடிப்பிடித்த பகுதிக்கு 'சொக்கர்ராத்' என்று தனிப்பெயர், அதைச் சுரண்ட வீட்டில் போட்டி. "முப்பது வருஷமா அடி பிடிச்சுடுச்சுன்னு என்னைத் திட்டினீங்களே!" என்றாள் என்னைப் பார்த்து. பதில் என்னிடம் இல்லை. இப்போது சேலையூரில் சாம்பார் சாதம் அடிப்பிடித்தால் அதற்குப் பெயர் சொக்கர்ராத். சுரண்டவும் நான்தான் போக வேண்டும்.

தண்ணீர்க் கதை தனி. ஹெதாஃபே போன அன்றே என் மனைவி கேட்ட கேள்வி, "இங்க கேன் வாட்டர் எவ்வளவு?" குழாயைத் திறந்து குடிக்கலாம் என்று மகள் சொன்னதை நம்பவில்லை, இரண்டு நாள் கொதிக்கவைத்தாள். மாட்ரிட்டின் தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. 1851-இல் தொடங்கிய கால்வாய்த் திட்டம், 1858-இல் ஊருக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தது. உணவகத்தில் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கேட்டு வாங்கச் சட்டமே இருக்கிறது. நமக்கோ நெம்மேலியில் கடலைக் குடிநீராக்க வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் திறந்த, நாளுக்குப் பதினைந்து கோடி லிட்டர் தரும் அந்த இரண்டாவது ஆலையை ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கட்டியது கோப்ரா என்ற மாட்ரிட் நிறுவனம். மலைத் தண்ணீர் குடிக்கிற ஊர்க்காரர்கள் வந்து நம் கடல் தண்ணீரை இனிப்பாக்கித் தருகிறார்கள். இதை மகளிடம் பெருமையாகச் சொன்னபோது, "அப்பா, நம்ம வீட்டு பாத்ரூமைப் பார்த்திருக்கியா?" என்றாள். எங்கள் கழிப்பறைப் பீங்கான் பாரிவேர். ராணிப்பேட்டையில் பிறந்த அந்த நிறுவனம் இன்று ரோக்கா என்ற பார்சலோனா நிறுவனத்தின் கையில். ஸ்பெயினைத் தேடி ஐயாயிரம் மைல் தாண்டி வந்தவன், இத்தனை வருஷம் காலையில் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. பணப்பை பத்திரம், கடவுச்சீட்டு பத்திரம் என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். கைப்பையில் ஒரு பொட்டலம் முறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குக் கட்டாயம் பசிக்கும். மறைவாகத் தின்பது நல்லது. அங்கேயும் நட்சத்திர அச்சில் மாவைப் பிழிந்து பொரித்து 'சுர்ரோ' என்று விற்கிறார்கள். பார்த்துவிட்டால், கெட்டிச் சாக்லெட் கோப்பையைக் கொண்டுவந்து அதில் தோய்க்கச் சொல்வார்கள். என் மனைவி தோய்த்துப் பார்த்தாள். நன்றாக இல்லை.