ராஜாவைத் தூக்கி வைங்க! (கேள்வி-பதில்)

நம் ஊர்ப் பூங்காக்களில் ஆள் உயரச் செஸ் காய்கள் வைத்தால் என்ன? (வாசகர், பெரம்பூர்)

தாராளமாக வைக்கலாம். ஆனால் ஆள் உயரம் வேண்டாம். பூங்கா செஸ்ஸில் ராஜாவே பெரும்பாலும் இடுப்பு உயரம்தான். ஜெனீவாவின் பாஸ்தியோன் பூங்காவுக்குள் நுழைந்ததுமே இந்தப் போர்டுகள் கண்ணில் படும். ஒருவர் குதிரையின் கழுத்தைப் பிடித்துத் தூக்குவார். சுற்றி நிற்கிறவர்கள் ‘ஐயையோ, அது வேண்டாம்’ என்று முகத்தாலேயே சொல்வார்கள். என்னைக் கேட்டால், இந்த ராட்சத போர்டே வேடிக்கை பார்ப்பவர்களுக்காகத்தான். ஆடுகிறவருக்குச் சின்னப் பலகை போதும். அதே பூங்காவில் கால்வின் முதலான மதச் சீர்திருத்தக்காரர்கள் 5 மீட்டர் உயரத்தில் கல்லாக நிற்கிறார்கள். சூதாட்டம் என்றாலே எரிந்து விழுந்தவர் கால்வின். பாவம், இப்போது நகர முடியவில்லை.

காய்களைத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா? (மதுரை)

ராஜாவைத் தூக்கிப் போனால் பஸ்ஸில் அரை டிக்கெட் கேட்பார்கள். ஆபத்து சிப்பாய்க்குத்தான். 32-இல் ஒன்று போனாலும் அந்த இடத்தில் செங்கல் வரும். அப்புறம் செங்கல்லும் போய்விடும். காய்கள் உள்ளே காலியான பிளாஸ்டிக்; காற்றில் சாயாமலிருக்க அடியில் மணலோ தண்ணீரோ நிரப்புவது வழக்கம். தினமும் காலையில் எடுத்து வைத்து, ராத்திரி எண்ணிப் பூட்ட ஓர் ஆள் வேண்டும். டெண்டரில் போர்டு இருக்கும், திறப்பு விழா பந்தல் இருக்கும், அந்த ஆளின் சம்பளம் மட்டும் இருக்காது. என் பயமெல்லாம் அதுதான்.

கீழே நின்று ஆடினால் போர்டு முழுக்கத் தெரியுமா? (சேலம்)

தெரியாது. யானைக்குப் பின்னால் நிற்கிற ராணி கடைசி நேரத்தில்தான் கண்ணில் படுவாள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில், கதீட்ரலை ஒட்டிய சதுக்கத்தில் தரையிலேயே போர்டு வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் பிரம்மாண்டமான தங்க நிற உருண்டை, அதன் உச்சியில் ஒரு மனிதர் சிலை. மொத்த ஆட்டமும் தெரிவது அவருக்கு மட்டும்தான். தெரிந்தும் வாயே திறக்காத பார்வையாளர் நம் பூங்காவில் கிடைப்பாரா?

சென்னையில் ஏற்கெனவே பெரிய போர்டு ஒன்று இருந்ததே? (மயிலாப்பூர்)

இருந்தது. 2022-இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள். பஸ், யானை மாதிரி நேராகப் போனது. ஆட்டோ, சந்தேகமில்லாமல் குதிரை. அது எந்தக் கட்டத்தில் இறங்கும் என்று விஸ்வநாதன் ஆனந்தாலும் கணிக்க முடியாது.

மனிதர்களையே காய்களாக நிறுத்தலாமா? (நீடாமங்கலம்)

இதை நீங்கள் கேட்கலாமா? பக்கத்துத் திருப்பூவனூரில் சிவபெருமானே சதுரங்கம் ஆடி இளவரசியைக் கைப்பிடித்ததாகத் தலபுராணம் சொல்கிறது. மனிதக் காய்கள் என்றால், இத்தாலியின் மரோஸ்டிகாவில் இரட்டைப்படை ஆண்டுகளின் செப்டம்பரில் ஊர்ச் சதுக்கமே போர்டாகி, வேஷம் கட்டிய மனிதர்கள் காய்களாக நகர்கிறார்கள். குதிரைகள் நிஜக் குதிரைகள். அங்கேயும் கல்யாணக் கதைதான். 1454-இல் ஒரே பெண்ணுக்கு இரண்டு பிரபுக்கள் போட்டியிட, வாள்சண்டை வேண்டாம், செஸ் ஆடுங்கள் என்றாராம் பெண்ணின் அப்பா. தோற்றவருக்கும் அந்த வீட்டிலேயே இன்னொரு பெண். இப்படி ஒரு மாமனார் கிடைத்தால், நம்மூரில் வேண்டுமென்றே தோற்பதற்கு ஒரு கோச்சிங் சென்டர் ஆரம்பித்துவிடுவார்கள்.