ஆகோள் நடந்த மண்ணில் ஆட்டுச் சந்தை

கேள்வி: குடும்பத்தோடு தேனி வருகிறோம். அருவி, அணை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்குப் பழமையான ஓர் இடமும் கலகலப்பான ஒரு சந்தையும் வேண்டும். எங்கே போகலாம்?
- வாசகி, திருப்பூர்

பதில்: திங்கட்கிழமை காலையில் ஆண்டிபட்டியில் இறங்குங்கள். அன்று வாரச்சந்தை. ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லும் பெரியவர்கள் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியும் தராத பாடம் அது.

பிறகு அதே வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பை. தமிழி எழுத்துள்ள மூன்று நடுகற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006இல் இங்கேதான் கண்டெடுத்தார்கள். ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்டவனுக்கு நட்ட கல். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். இலக்கணம் வெட்சி என்று சொல்கிறதே, அதேதான்! இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தைய கல் என்கிறார்கள் அறிஞர்கள். கல்லின் படத்தைக் கையோடு கொண்டுபோய், அந்த ஆற்றங்கரையில் நின்று பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அன்று மாட்டுக்காக உயிரைக் கொடுத்த மண்ணில், இன்று ஆட்டுக்கு நூறு ரூபாய் குறைக்க உயிரைக் கொடுத்துப் பேசுகிறார்கள். எனக்கு இரண்டுமே பெருமைதான்.

நேரமிருந்தால் சின்னமனூர். பாண்டியன் இராசசிம்மனின் 10ஆம் நூற்றாண்டுச் செப்பேடு கிடைத்த ஊர். பூலாநந்தீசுவரர் கோயிலும் அங்கேதான்.

திரும்பும்போது கம்பம் பன்னீர் திராட்சை வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். பையில் மேலாக வையுங்கள். தேங்காய்க்கு அடியில் போனால் திருப்பூருக்கு வந்து சேர்வது சாறுதான்.